போக மட்டும் பழகியவன்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு பக்கம் படித்துத் தாங்களே கண்டுபிடிப்பது அவர்களுக்கும் சிரமம், எனக்கும் வெட்கம். போக மூன்றரை மைல், வர மூன்றரை மைல், ஆக ஏழு மைல் ஓடவேண்டிய பந்தயத்துக்கு இரண்டு மாதம் சனி ஞாயிறு தவறாமல் பழகி, அதில் போக மட்டுமே கற்றுக்கொண்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்த கதை. அப்போது நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வயது முப்பத்து நாலு. கோர்ட்டுக்குள் என் வயிறு முதலில் நுழையும், நான் பின்னால் போவேன். ஓட்டம் என்று நான் ஓடியதெல்லாம், வாய்தா நேரத்தில் கட்சிக்காரர் காணாமல் போனால் காப்பிக் கிளப் வரைக்கும் ஓடியதுதான்.

அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலத்துப் பங்களாவில் வந்து தங்கிய ஒரு துரைக்கு, அருவியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிற்றோ என்னவோ, ஓட்டப் பந்தயம் நடத்தும் ஆசை வந்தது. உள்ளூர்ப் பெரியமனிதர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தென்காசிக் கோவில் வாசலில் புறப்பட்டு, பேரருவிக்குத் திரும்புகிற முக்கு வரைக்கும் போய், அங்கே ஓர் அடையாளம் வாங்கிக்கொண்டு, மறுபடி கோவில் வாசலுக்கே ஓடி வரவேண்டும். இதற்குத் தமிழில் நோட்டீசும் பெயர்ப் பட்டியலும் வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து அழகாயிருக்கும். அது ஒன்றுதான் என்னிடம் அழகாயிருந்தது என்பதால் அதை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

நோட்டீசை எழுதினேன். பட்டியலுக்குக் கட்டம் போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில். எப்படிப் பூர்த்தி செய்வது என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டுமே என்று முதல் வரியில் என் பெயரையே எழுதிக் காட்டினேன். கோர்ட்டுப் பாரங்களில் அப்படித்தான் செய்வோம். ஆனால் ஓரத்தில் 'மாதிரி' என்று எழுதுவோம். அதை மறந்துவிட்டேன்.

மறுநாள் பட்டியல் கோர்ட்டு வராந்தாவில் தொங்கியது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்போதே ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போடவில்லை. ஏன் என்றால், அன்று காலை முதல் எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். கோர்ட்டு அமீனா எழுந்து நின்று வழிவிட்டார். அந்த அரைநாள் மரியாதையை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த வாரமே அச்சன்புதூரில் என் மாமனார் வீட்டில் கோவில் கொடைத் திருவிழா விருந்து. பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு எதிர் இலையில் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. தென்காசி ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். என்னைக் கிண்டல் செய்வதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்திருந்தால் இன்ஸ்பெக்டராகியிருப்பான்.

"அத்தான், ஓட்டப் பந்தயத்துக்குப் பேரு குடுத்திருக்கியளாமே," என்றான்.

"ஆமா."

"ஓடுததுக்கா, ஓடுதவங்கள எண்ணுததுக்கா?"

பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். இலையில் சோறு இருக்கும்போது கோபப்படுவது எனக்கு வழக்கமில்லை.

"நான் அன்னைக்கு மேலகரத்துலதான் டூட்டி. அங்கன ஒரு கட்டிலு போட்டு வைக்கட்டா? போகையில ஒரு தூக்கம், வரையில ஒரு தூக்கம்."

"தலகாணியும் சேத்து வையி," என்றேன்.

இதோடு முடிந்திருக்கவேண்டிய பேச்சு. ஆனால் பாயசம் விளம்பிக்கொண்டு வந்த என் மனைவி, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏலே, அவிய ஏழு மைலும் ஓடி முடிப்பாவ," என்றாள் தம்பியிடம்.

"முடிக்கலைன்னா?"

"முடிக்கலைன்னா இந்தத் தைக்கு நீ பொங்கப்படியத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு நடையேறாத."

பந்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷம் தவறாமல் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு வருகிற பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் சேர்ந்ததுதான் பொங்கல்படி. அதை வேண்டாம் என்பது விளையாட்டுப் பேச்சில்லை. அடுக்களை வாசலில் என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. என் மனைவி சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற ஜாதி இல்லை. ஒருமுறை எதிர்வீட்டுக்காரியோடு பேசமாட்டேன் என்று சொல்லி, மூன்று வருஷம் கண்ணால் மட்டுமே சண்டை போட்டவள்.

வீடு திரும்பும்போது வண்டி இலத்தூரைத் தாண்டியது. "நெசமாவே ஓடிருவியள்லா?" என்று கேட்டாள் மனைவி.

"ஓடாம?" என்றேன். பந்தயத்தில் என் பெயர் வந்த வரலாற்றை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் வழியில்லை.

பயிற்சி ஆனி மாதத்து முதல் சனிக்கிழமை ஆரம்பித்தது. இருட்டு விலகுகிற நேரத்தில் எழுந்தால், மனைவி எனக்கும் முன்பாக எழுந்து உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருப்பாள். இடுப்புக்குப் பலமாம். சமைந்த பெண்களுக்குக் கொடுப்பது. வாரா வாரம் களி கிண்டுகிற வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, "உங்க வீட்ல யாரு பெரிய மனுசி ஆனது?" என்று விசாரித்தாள். என் மனைவி என்னைக் கை காட்டினாள்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பனியனோடு கிளம்புவேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு, பார்க்கத்தான் சமம். ஓடினால்தான் அது மேட்டில் ஏறுகிறது என்று தெரியும். அதோடு சீசன் காற்று. மலை இடுக்கில் புறப்பட்டு நேராக என் நெஞ்சில் வந்து மோதும். முதல் சனிக்கிழமை நான் ஓடிய நேரத்தைவிடக் காற்று என்னைப் பிடித்து நிறுத்திவைத்த நேரம் அதிகம். மேலகரத்தில் உட்கார்ந்தேன். நன்னகரத்தில் படுத்தேன். குற்றாலத்துக்குள் நுழையும்போது, சீசனுக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து யாரையோ பாம்பு கடித்துவிட்டது, வைத்தியரைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்து, "எந்தத் தெருவுலங்க?" என்று கேட்டார்.

அன்று சனிக்கிழமை. ஆண்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டிய நாள். அருவியும் எதிரே விழுகிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஓட வந்தவன் எண்ணெய் தேய்க்காமல் போனால் அருவிக்கு அவமானம் அல்லவா? தேய்த்துக்கொண்டேன். அருவியில் நின்றேன். அருவிக் குளியலுக்குப் பிறகு வயிற்றில் ஒரு பசி வரும் பாருங்கள், அதைத் தீர்க்காமல் விடுவது பாவம். கிளப்பில் இட்டிலியும் ரசவடையும் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் திரும்பி ஓடுகிற விஷயம் நினைவுக்கு வந்தது. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் வெயிலில் அலையக்கூடாது, உடம்பை வருத்தக்கூடாது, ஜன்னி வரும். இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை. ஊரே ஒத்துக்கொண்ட சட்டம்.

அப்போதுதான் ஒரு சாயபு ஜட்கா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். முந்திய மாதம்தான் அவருடைய வண்டி லைசென்சுக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஏறுங்க, குமாஸ்தாய்யா. ஈரத் தலையோட நிக்காதீய," என்றார்.

ஏறினேன். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தது. படுத்தேன்.

அதுதான் முறையாகிவிட்டது. சனிக்கிழமை எண்ணெய், குளியல், இட்டிலி, ஜட்கா. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மட்டும் கிடையாது. மனச்சாட்சிக்கும் ஒரு கணக்குச் சொல்லி வைத்திருந்தேன். போகிறது மேடு, எதிர்க்காற்று. வருகிறது பள்ளம், காற்று முதுகில் தள்ளும். மேட்டில் ஏறத் தெரிந்தவனுக்குப் பள்ளத்தில் இறங்கத் தனியாக ஒரு பாடம் வேண்டுமா? வக்கீல் குமாஸ்தாவின் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் இல்லாததால் நிலைத்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், போகிற ஓட்டத்தில் நான் நிஜமாகவே தேறினேன். ஆனிக் கடைசியில் மேலகரத்தில் உட்காருவது நின்றது. ஆடி பிறந்ததும் நன்னகரத்தில் படுப்பதும் நின்றது. ஒரே மூச்சில் குற்றாலம் போய்ச் சேர்ந்தேன். வயிறுகூட எனக்குச் சமமாக வர ஆரம்பித்தது. திரும்புகிற ரோட்டைப் பற்றிக் கேட்டால், ஜட்காவின் பின்பக்கத்துத் திறப்பு வழியாக அது சுருண்டு சுருண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் எல்லை மாந்தோப்பு வந்ததும் இறங்கிவிடுவேன். வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, அங்கிருந்து கோவிலை ஒட்டியிருந்த என் வீடு வரைக்கும் ஒரு பர்லாங்கு தலைதெறிக்க ஓடுவேன். வேர்க்கவேண்டும் அல்லவா? மனைவி செம்பில் நீர்மோரோடு வாசலில் நிற்பாள்.

"தலையெல்லாம் நனஞ்சிருக்கே."

"ஏழு மைலுல்லா. வேர்வை."

"அம்புட்டு வேர்வையா," என்பாள். பிறகு என் பனியனை வாங்கிக்கொண்டு போய் முற்றத்தில் இரண்டு உதறு உதறி, ஊறப் போடுவாள். நான் மோரைக் குடித்துக்கொண்டே, பெண்கள் எவ்வளவு எளிதாக எதையும் நம்பிவிடுகிறார்கள் என்று அவளுக்காக இரக்கப்படுவேன்.

பந்தயம் ஆடிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அப்போது தென்காசிக் கோபுரம் இடி விழுந்து பிளந்து நின்ற காலம். அதன் கீழே இருபத்து மூன்று பேர் நின்றோம். போலீஸ்காரர்கள், பாரஸ்ட் கார்டுகள், இரண்டு தபால்காரர்கள். திருவிதாங்கூர் எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து தபால் பை சுமந்து ஓடுகிற ஓர் அஞ்சலோட்டக்காரர் வந்திருந்தார். பிழைப்புக்கே தினமும் மலைப்பாதையில் ஓடுகிறவர். "தோளில பையில்லாம ஓடச் சொல்லுதாங்க, இதுக்குக் கப்பு வேற குடுக்காங்களாம்," என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். துரையின் விதிப்படி எல்லாருக்கும் காக்கி அரைக்கால்சட்டை. பட்டியலில் முதலில் இருந்ததால் என் மார்பில் ஒன்றாம் நம்பர் துணி. பெண்கள் கூட்டத்தில் என் மனைவி நடுவில் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களை அவளேதான் கூட்டி வந்திருந்தாள்.

ஓடினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாக ஓடினேன். மேலகரத்தில் டூட்டியிலிருந்த மைத்துனன் நான் கடந்துபோவதைப் பார்த்து வாயைத் திறந்தான். திறந்த வாயை மூட மறந்துவிட்டான். அதுவே எனக்குப் பாதிக் கப்பு. நன்னகரத்தில் இரண்டு போலீஸ்காரர்களை முந்தினேன். பேரருவி முக்குக்கு எட்டாவதாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நின்றிருந்த சேவகர் என் மணிக்கட்டில் சிவப்பு நாடாவைக் கட்டினார். கேஸ் கட்டுகளைக் கட்டுகிற அதே நாடா.

அந்த இடத்தில் திரும்பவேண்டும். எனக்கு முன்னால் வந்த ஏழு பேரும் திரும்பினார்கள். என் கால் திரும்பவில்லை. முகத்தில் சாரல் அடித்தது. அருவி இரைச்சல் கேட்டது. கைகள் தாமாகவே பனியனைக் கழற்ற ஆரம்பித்தன. தலையை மட்டும் ஒரு நொடி நனைத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் போனேன்.

"வாங்கய்யா, என்ன இன்னைக்கு டவுசரோட," என்றார் எண்ணெய் தேய்க்கிறவர். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துவிட்டார். அவருக்கும் இரண்டு மாதப் பழக்கம்.

உச்சியில் எண்ணெய் வைத்த பிறகு ஒரு மனிதனை விடுவிக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. எண்ணெய் வழியும் தலையோடு தென்காசிக்குள் ஓடுவதா? ஆகவே தேய்த்தார். ஆகவே குளித்தேன். குளித்த பிறகு பசித்தது. கிளப்பில் இலை போட்டு இட்டிலியும் ரசவடையும் எனக்காக வைத்திருந்தார்கள். மூன்றாவது இட்டிலியைப் பிய்க்கும்போதுதான் மணிக்கட்டில் இருந்த சிவப்பு நாடா சாம்பாரில் தோய்வதைக் கண்டேன். பொங்கல்படி நினைவுக்கு வந்தது. அடுக்களை வாசலில் நின்ற மாமியார் நினைவுக்கு வந்தாள்.

கையைக் கழுவாமல் எழுந்து ஓடினேன். இருபது அடி ஓடியிருப்பேன். இரண்டு மாதமாக வண்டியில் படுத்து வந்த அந்த ரோட்டில் கால் வைத்ததும் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. ரசவடை நெஞ்சுக்கு ஏறியது. ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

"ஏறுங்க, குமாஸ்தாய்யா."

"சாயபு, இன்னைக்குப் பந்தயம்."

"அப்படியா? சரி, ஏறிக்கிட்டுப் பேசுங்க."

பேசுவதற்காக ஏறினேன். கால் சரியானதும் இறங்கிவிடுவது என்று முடிவு. ஈரப் பனியனோடு சாய்ந்தேன். குதிரைக்கும் பழக்கமாகிவிட்டது. நான் சாய்ந்த சத்தம் கேட்டதும் அது ஓட்டம் எடுத்தது. வழியில் ஒரு பாரஸ்ட் கார்டு நொண்டிக்கொண்டே வந்து, "எனக்கும் இடமிருக்கா?" என்று வண்டிக்குள் தலையை நீட்டினார். "பந்தயக்காரங்கள ஏத்தக்கூடாது," என்று சாயபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மேலகரத்தில் மைத்துனன் கை காட்டி வண்டியை நிறுத்தினான். உள்ளே குனிந்து பார்த்தான்.

"அத்தான், குதிரைக்கு எத்தனாவது நம்பரு?"

என் மார்பில் இருந்த ஒன்றைக் காட்டினேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதிச் சிரிப்பில் முகம் மாறிவிட்டது.

"அக்கா கோவில் வாசல்ல நிக்கா," என்றான்.

"தெரியும். நான் போயி உள்ளதைச் சொல்லிருதேன்."

"நல்லாச் சொல்லுவியளே. சொன்னா அவ பொங்கப்படி வாங்கமாட்டா. அம்மைக்கு யாரு பதில் சொல்லுதது? நீங்களா? வாயத் தொறக்காம போயிச் சேருங்க." ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "சாயபு, வெரசா ஓட்டும்."

பந்தயத்தில் எவனும் குறுக்கே புகாமல் பார்க்க நிறுத்தப்பட்ட போலீஸ்காரன் இவன்.

மாந்தோப்பில் இறங்கினேன். வழக்கம் போல முன்பக்கம் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினேன். அந்த ஒரு பர்லாங்கு எனக்கு நன்றாகப் பழகிய பர்லாங்கு. காற்று முதுகில் தள்ள, தலையில் நீர் சொட்ட, நாடாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கோபுரவாசலுக்குள் பாய்ந்தேன். கூட்டம் கைதட்டியது. பதினொன்றாவதாம். எனக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் எதிர்க்காற்றில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் கையை மோந்து பார்த்தார். சாம்பார்.

என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தெருவில் எனக்கு நாலடி பின்னால் நடக்கிறவள், அத்தனை பேர் முன்னால் என் முதுகில் பட்டுப்பட்டென்று நாலைந்து தட்டு தட்டினாள். என்னைப் பெற்றவர்கள்கூட அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை. இன்னும் நாலு தட்டு தட்டட்டும் என்று முதுகை நிமிர்த்திக் காட்டினேன்.

ஓடி முடித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். 'இன்னார் ஏழு மைல் தூரத்தையும் ஓடி முடித்தார்' என்று அழகான கையெழுத்து. அத்தனையையும் முந்திய வாரம் உட்கார்ந்து எழுதியவன் நான்தான். எத்தனையோ பொய் வாக்குமூலங்களைப் படியெடுத்திருக்கிறேன். எனக்கு நானே எழுதிக்கொண்டது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஐந்து மாதம் எனக்குத் தூக்கமில்லை என்று எழுத ஆசை. நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் மைத்துனன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "குதிரை சௌக்கியமா அத்தான்?" என்று அவள் முன்னாலேயே கேட்பான். நான் அவசரமாக மோர் கேட்பேன். அவள் ஒன்றும் புரியாதவள் போலக் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

தை நெருங்கியது. பொங்கலுக்கு முதல் நாளே மைத்துனன் வந்துவிட்டான். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு. நடைக்கு வெளியே நின்றுகொண்டான். படியேறவில்லை.

"ஏறலாமா?" என்று அக்காளைக் கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கட்டில் இருந்த கரும்புகளை எண்ண ஆரம்பித்தேன். பிறகு, "வெயில்ல நிக்காம வா. அம்மை என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையாலும் பானையை வாங்கினாள்.

அவன் சாப்பிட்டுப் போனான். அவள் முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தாள். இனி படியைத் திருப்பி அனுப்ப முடியாது, வாங்கியாகிவிட்டது என்ற தைரியத்தில் எனக்கு உண்மை பேசும் ஆசை வந்தது. பட்டியலில் மாதிரிக்குப் பெயர் எழுதியதிலிருந்து, வாரா வாரம் ஜட்காவில் வந்தது, பந்தயத்தன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டது, மூன்று இட்டிலி, மாந்தோப்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஓடி முடிக்காதவனுக்காக நீ சொன்ன வாக்குத் தவறிப்போச்சு. எனக்கு மனசே கேக்கல," என்றேன்.

அவள் ஒரு கிழங்கை உரித்து என் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு உங்க முதுகுல இருந்த வைக்கோலத் தட்டிவிட்டது நாந்தானே."